அம்மா வெளியில் ஆக்கிய கோடை

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி படம் போட்டிருந்தாள். கடலூரில் கடற்கரைக்குப் பக்கத்தில் அவள் மகன் கட்டியிருக்கிற வீட்டின் பின்புறம். புதுத் தரை, நடுவில் வெட்டவெளியில் ஓர் அடுப்பு மேடை, சுற்றிலும் வாடிய தொட்டிச் செடிகள். ‘பகல்ல நிக்க முடியல, சாயங்காலம் புகை பூரா வீட்டுக்குள்ள வருது, என்ன செய்யலாம் சொல்லுங்கடி’ என்று கேட்டிருந்தாள். ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். தகரம் போடு என்றாள் ஒருத்தி. பெரிய குடை வாங்கு என்றாள் இன்னொருத்தி. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பதில் தெரிந்தவள்தான். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டிவிட்டோம், இனி யாருக்குப் பயந்து மறைப்பது?

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை அது. விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. வாசல் மேற்கே ரோட்டைப் பார்த்திருக்கும், பின்னால் கிழக்கே நீளமாக ஒரு காலி மனை, அதைத்தான் தோட்டம் என்போம். அப்பா ரயில்வே ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். வீட்டில் அம்மா, நான், அப்பாவின் அக்காவான அத்தை. அத்தையின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டதால் இரண்டு வருஷமாக அத்தை எங்களோடுதான் இருந்தாள். என் தலையில் பேன் பார்ப்பதும், தெருவில் யார் எங்கே போகிறார்கள் என்று பார்ப்பதும் அவளுக்கு ஒரே அளவு பிடித்த வேலைகள்.

சமையலறை வீட்டோடு ஒட்டி இறக்கிய சின்ன அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. விறகடுப்பு. சித்திரை மாதத்தில் அதற்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வருவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எட்டு வருஷம் அம்மா அதற்குள் குந்தி உட்கார்ந்து ஆக்கிப் போட்டிருக்கிறாள்.

அந்தக் கோடையில் அம்மா திடீரென்று தோட்டத்துப் பக்கம் போக ஆரம்பித்தாள். காலையில் பத்து மணிக்குப் போய்ச் சும்மா நிற்பாள். உச்சிவெயிலில் போவாள். மூன்று மணிக்கு மறுபடி போவாள். போகிற ஒவ்வொரு முறையும் தரையில் ஒரு குச்சியைக் குத்திவிட்டு வருவாள். பழைய சிவப்புப் புடவையிலிருந்து ஒரு நாடா கிழித்து, நீளமான மூங்கில் கழியில் கட்டி, வேலியோரம் நட்டு வைத்தாள். அது ஆடுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பின்வாசல் நிலையில் சாய்ந்தபடி அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாத்துக்கு ஒரு நாளைக்கு நாலு தடவ தோட்டத்துல போயி நிக்கிற?”

“உள்ள வெக்க தாங்கல அண்ணி. அடுப்ப வெளிய போட்டுக்கலாம்னு எடம் பாக்கறன்.”

“எட்டு வருசமா இல்லாத வெக்க, இப்ப மட்டும் எங்கருந்து வந்துச்சு?”

அம்மா இன்னொரு குச்சியைக் குத்தப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் அத்தை கேட்டது சரியான கேள்வி. கேட்ட நோக்கம்தான் கோணல்.

எங்கள் மனைக்கும் அடுத்த மனைக்கும் நடுவே பூவரசு வேலி. தென்கிழக்கு மூலையில் மட்டும் இரண்டு மரம் பட்டுப்போய் ஆள் நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அந்தப் பக்க நிலத்தில் ஒருவர் பட்டறைகளில் கழித்துப் போட்ட சாமான்களை மொத்தமாக வாங்கி வந்து குவித்து வைத்துத் தரம் பிரித்து விற்பார். விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி, கோணிப்போன குழாய், மூக்கு இல்லாத பொம்மை. எல்லாரும் அவரை உடைசல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு எங்கோ ஒரு பட்டறையில் களிமண் அரைக்கிற இடத்தில் வேலை பார்த்தவராம். ஒல்லி உடம்பு, எந்நேரமும் தோளில் ஈரத்துண்டு.

அம்மா அவரிடம் கேட்டாள். “அண்ணே, விக்காத சாமான் ஏதாச்சும் இருந்தா குடுங்க. செடி வெக்கணும்.”

“எடுத்துக்க தங்கச்சி. மண்ணோட மண்ணா போறதுதான” என்றார் அவர்.

அப்புறம் பதினைந்து நாளில் அம்மா செய்ததை நான் இன்றுவரை எந்தப் பெரிய வீட்டிலும் பார்த்ததில்லை. குச்சிகளை வைத்து நிழல் எந்நேரம் எங்கே விழுகிறது என்று கணக்குப் பிடித்திருந்தாள். காலையில் பூவரசு நிழல், மத்தியானத்துக்கு மேல் வீட்டின் நிழல். இரண்டும் வந்து சேர்கிற இடமாகப் பார்த்து அடுப்பைப் போட்டாள். அதையும் வடக்கு ஓரமாகப் போட்டாள். ஐந்து மணிக்கு மேல் கடல் காற்று தென்கிழக்கிலிருந்து வரும், புகை வீட்டைத் தொடாமல் அப்படியே ரோட்டுப் பக்கம் போய்விடும். சிவப்பு நாடா அவளுக்குச் சொன்னது அதைத்தான்.

அடுப்பை இடுப்புயரத்துக்குக் கட்டினாள். உடைசல்காரர் தந்த சூளைச் செங்கல் உள்ளே, வெளியே வைக்கோல் மிதித்த களிமண். மேலே உயரமாகத் தென்னங்கீற்றுப் பந்தல், நாலு பக்கமும் திறப்பு. வேலியில் படர்ந்து கிடந்த புடலைக் கொடியையும் கோவைக் கொடியையும் பந்தல் கால்களில் ஏற்றிவிட்டாள். கழுத்துடைந்த ஜாடிகளில் புதினா, குழாய்த் துண்டுகளை நிற்க வைத்து மிளகாய்ச் செடி. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாதிக் குழாய்கள் வழியாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போகும். உடைந்த பீங்கான் ஓடுகளில் ஒன்றைக்கூட வெயில் படுகிற இடத்தில் பதிக்கவில்லை. “கண்ணு கூசும், காலு வெந்துபோவும்” என்றாள். நிழல் இருக்கிற இடத்தில் மட்டும் ஓடு, மற்ற இடமெல்லாம் ஆற்று மணல். அந்த மணலில் தினமும் தண்ணீர் தெளிப்பாள். அப்போது எழுகிற வாசனையும், சுடுகிற கத்தரிக்காயின் தோல் கருகும் வாசனையும், புடலைப் பூவின் லேசான நெடியும் கலந்து வரும். எனக்கு அந்தக் கோடை முழுக்க அந்த வாசனைதான்.

“நின்னுக்கிட்டு ஆக்குற பொம்பளய நான் எங்கியும் பாத்ததில்ல” என்றாள் அத்தை, அப்பா சாப்பிடும்போது.

“காலு வலிக்காம இருந்தா சரி” என்றார் அப்பா. அன்றைக்கு அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை. குழம்பை மட்டும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

அத்தைக்கு அந்தப் பதில் போதவில்லை. மறுநாள் எனக்குத் தலை வாரிவிடும்போது கேட்டாள்.

“பாப்பா, ஒங்கம்மா சாயந்தரத்துல வேலியாண்ட போயி நிக்கிறாளே, என்னா பண்றா?”

“காத்து வாங்குது.”

“காத்து வாங்கறதுக்கு அந்தச் சந்தாண்டதான் நிக்கணுமா? வேற பக்கம் காத்து இல்லியா? நீ பாத்து வந்து எங்கிட்ட சொல்லு. எங்கிட்ட மட்டும்.”

தோழிகளே, பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பெரியவள் இப்படி ஒரு வேலை கொடுத்தால் எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா! நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க ஆரம்பித்தபின் அம்மா செய்த எல்லாமே மர்மமாகத் தெரிந்தது. மாலையில் காற்று வரும் நேரம் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வேலி இடைவெளிக்கு எதிரே போய் நிற்பாள். கண்ணை மூடிக்கொள்வாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். தோள் ஏறி இறங்கும். நான் அப்படியே போய் ஒப்பித்தேன்.

“கண்ண மூடிக்கிட்டு அந்தப் பக்கமே திரும்பி நிக்குது அத்த.”

“அவன் இருந்தானா?”

“இருந்தாரு. ஜாடி அடுக்கிக்கிட்டிருந்தாரு.”

அத்தை ‘ம்ம்’ என்றாள். அந்த ‘ம்ம்’ எனக்கு மிட்டாய் மாதிரி இருந்தது. அடுத்த நாளும் வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நாளில் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேனா என்று இப்போது எனக்கே சந்தேகம். ‘சிரிச்சாரு’ என்று ஒரு நாள் சொன்னேன். சிரித்தாரா என்று நினைவில்லை.

ஒரு நாள் உடைசல்காரர் எனக்கு ஒரு பீங்கான் குருவி கொடுத்தார். வெள்ளை மெருகு, அலகு மட்டும் உடைந்திருந்தது. அதை என் பாவாடை மடிப்பில் பார்த்த அத்தை பிடுங்கிக்கொண்டாள். “பொண்ணுக்கு பொம்ம குடுத்து ஆத்தாளுக்கு தூது வுடுறான்” என்று சொல்லிக் கிணற்றில் போட்டாள். தண்ணீரில் அது விழுந்த சத்தம் கேட்டது. நான் அழுதேன். ஆனால் எனக்குக் கோபம் வந்தது அத்தையின் மேல் அல்ல, உடைசல்காரர் மேல். அம்மா மேலும்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பொட்டலம். நான் வாழை மறைவில் இருந்தேன். உடைசல்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். காகிதப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். அம்மா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். முகம் வெளிறிப் போனது. கிட்டே வந்து என் கன்னத்தைத் தொட்டாள்.

“யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. அப்பாகிட்டயும் சொல்லாத.”

அன்று மத்தியானத்துக்குள் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை, ராத்திரி ஷிப்டு முடிந்து அப்பா வந்தார். கை கால் கழுவுவதற்கு முன்பே அத்தை அவரை முன்னறைக்குக் கூப்பிட்டுப் பேசினாள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்கட்டுக்கு வந்து, அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரே என்னை நிறுத்தினார்.

“பாப்பா, அந்தாளு அம்மாகிட்ட பொட்டலம் குடுத்தத நீ பாத்தியா?”

நான் தலையாட்டினேன்.

“அம்மா என்னா சொன்னா?”

“யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லுச்சு.”

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொன்னால் எனக்குச் சுலபமாக இருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அதுல என்னா இருந்துச்சு?” என்றார் அப்பா.

அம்மா உலையைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லீங்க.”

“ஒண்ணும் இல்லாததுக்கா புள்ள வாயக் கட்ற?”

“நீங்க நெனைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லீங்க.”

“நான் என்னா நெனைக்கிறேன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினாள். அப்பா கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தார். உலைப் பானையை மட்டும் தன் கையால் இறக்கி ஓரமாக வைத்துவிட்டு அடுப்பை இடித்தார். நாலே இடியில் சரிந்தது. பந்தல் கால்களைப் பிடுங்கினார். ஜாடிகளைக் காலால் தள்ளினார். புதினா மணம் குப்பென்று எழுந்தது. வேலி இடைவெளியைப் பழைய தகரத்தால் அடைத்து முள் வெட்டிப் போட்டார். உடைசல்காரரிடம் என்ன சொன்னார் என்று தெரியாது. ஒரு வாரத்தில் அவர் சாமான்களையெல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வேப்பூர் ரோட்டுப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு இன்றும் தீராத ஒன்று இருக்கிறது. அப்பா என்னைக் கேட்டது உண்மை தெரிந்துகொள்ளவா, அல்லது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு ஒரு சாட்சிக்காகவா? அவர் இருந்தவரை கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அம்மா பழையபடி உள்ளே குந்தி உட்கார்ந்து ஆக்கினாள். கதவை அத்தை பாதி சாத்தி வைப்பாள். உள்ளேயிருந்து புகையும் பாத்திரச் சத்தமும் மட்டும் வரும். இருமல் சத்தம் வந்ததா? வந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாளோ என்னவோ. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு நாள் காலை சோறு வடிக்கிற நேரம் உள்ளே ஏதோ உருண்டது. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா சுவரில் சாய்ந்து கிடந்தாள். கஞ்சி தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. தொண்டைக்குள் விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம்.

அத்தை சமையலறை வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். “நடிக்கிறாளா?” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிற்பாடு எத்தனை தடவை தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டார் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா டூட்டியிலிருந்து கொடியைக் கையில் வைத்தபடியே ஓடி வந்தார். டாக்டரம்மா அம்மாவுக்கு ஊசி போட்டு, மூச்சு கொஞ்சம் சமனான பிறகு கேட்டார்.

“எத்தினி நாளா இப்பிடி மூச்சு வாங்குது?”

அம்மா அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். “ஒன்றர வருசமாங்க.”

“ஒன்றர வருசமா?” என்றார் அப்பா.

“ஏம்மா, வீட்ல யாருக்கும் சொல்லலியா?” என்றார் டாக்டரம்மா.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, “தெருக்கோடி வூட்டுக்காரம்மாவுக்கு இருமல் வந்தப்ப டி.பி.ன்னு சொல்லி தட்டு டம்ளரு தனியா வெச்சாங்க. அப்பறம் அவங்க அம்மா வூட்டுக்கே அனுப்பிட்டாங்க. புள்ளைய தொடவே வுடல” என்றாள். “எனக்கு ஒரே புள்ளைங்க.”

நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். டி.பி. இல்லை. ஆஸ்துமா, இளைப்பு நோய். புகை ஆகாது, வெக்கை ஆகாது, குனிந்து உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. “முடிஞ்சா அடுப்ப வெளிய காத்தோட்டமா போட்டுக் குடுங்க. நின்னு சமைக்கிற மாதிரி உயரமா வெச்சா நல்லது” என்று டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னார். நான் அப்பாவின் காக்கிச் சட்டையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் டாக்டரம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து அத்தை அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தைப் பிரித்தாள். ஆடாதொடை இலையும் திப்பிலியும் இடித்த, மூச்சிளைப்புக்கான நாட்டு மருந்துப் பொடி. அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா மறுநாள் சைக்கிளில் வேப்பூர் ரோட்டுக்குப் போய் உடைசல்காரரைப் பார்த்துவிட்டு வந்தார். அவர் என்ன சொன்னார் என்று அத்தை கேட்டாள். அப்பா திரும்பி நின்றுகொண்டு சொன்னார்.

“‘அந்தத் தங்கச்சி மூச்சு வாங்குறது வேலிக்கு இந்தாண்ட எனக்கே கேட்டுச்சுங்க. மண்ணு மில்லுல நின்ன நெஞ்சு, எனக்கும் அதே சத்தம் உண்டு. ஊட்ல எனக்கு இடிச்சத கொஞ்சம் குடுத்தேன். ஒரே ஊட்ல இருந்து ஒங்களுக்குக் கேக்கலியா’ன்னு கேட்டான்.”

அப்பா ஒரு வாரம் லீவு போட்டு அடுப்பைத் திரும்பக் கட்டினார். சிமெண்டு வைத்து, செங்கல் வாங்கி, பழையதைவிடக் கெட்டியாக. ஆனால் இடித்த அன்றே மண்ணை நிரவிவிட்டிருந்ததால் பழைய இடம் சரியாகத் தெரியாமல், பின்வாசலுக்கு நேர் எதிரே கட்டினார். காலை வெயில் பூராவும் அதன்மேல் விழுந்தது. சாயங்காலக் காற்று புகையை அள்ளி நேராக வீட்டுக்குள் கொண்டு வந்தது. அம்மா கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க வெச்சா சரியா இருக்கும், நீயே சொல்லு” என்றார் அப்பா. கெஞ்சுகிற குரல். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“எனக்கு ஞாபகம் இல்லீங்க” என்றாள் அம்மா.

அவளுக்கு ஞாபகம் இருந்தது. சிவப்பு நாடா கட்டிய கழி வேலியோரம் அப்போதும் நின்றது. அவள் சொல்லவில்லை. மீதிக் கோடை முழுவதும் அந்த வெயிலிலும் புகையிலும் அத்தை நின்று ஆக்கினாள். கண் எரிகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிறகு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது, சில வருஷம் கழித்து கேஸ் வந்தது. அம்மா அந்தத் தோட்டத்தில் மறுபடி ஒரு செடிகூட வைக்கவில்லை.

அப்பாவை அம்மா மன்னித்தாள். அவர் படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருஷமும் அவளே பார்த்துக்கொண்டாள். அத்தையோடு கடைசிவரை ஒரே பாயில் படுத்தாள். அத்தை செத்தபோது அம்மா அழுத அழுகை தெருவுக்கே கேட்டது. என்னிடமும் அன்பாகத்தான் இருந்தாள். அந்தப் பொட்டலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்தால் அவள் பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். கடிதம் படித்துக்கொண்டிருந்தால் மடித்துவிடுவாள். என் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படித்தான். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் அப்படித்தான்.

ஏழு வருஷத்துக்கு முன் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரி பகல் பாராமல் பக்கத்தில் இருந்தேன். எங்கே வலிக்கிறது என்று நான் எத்தனை தடவை கேட்டாலும் “ஒண்ணும் இல்ல கண்ணு” என்பாள். ஒரு நாள் காலை நர்ஸ் வந்து குனிந்து, “பாட்டி, எங்க வலிக்குதுன்னு சொன்னாத்தான மருந்து குடுக்க முடியும்” என்றாள். அம்மா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

பிறகு மெல்ல என் கையைத் தட்டிக் கொடுத்து, “நீ செத்த நேரம் வெளிய இரும்மா” என்றாள்.

நான் வெளியே போனேன். நர்ஸ் திரையை இழுத்து விட்டாள். அந்தப் பக்கம் அம்மா பேசத் தொடங்கினாள். நிறுத்தாமல், வெகுநேரம்.